சாக்கே என்றால் சூடான சாராயம்தானா?

கேள்வி, 17 அக்டோபர் 2024

கம்பெனி வேலையாக இரண்டு வாரம் ஒசாகா போய்வந்தேன். முதல் நாளே விருந்து. சின்னப் பீங்கான் குப்பியில் ஆவி பறக்கக் கொண்டுவந்து ஊற்றினார்கள். மூக்கில் ஏறியது, தொண்டை எரிந்தது, காலையில் தலை என்னுடையதாகவே இல்லை. இதைப் போய் பூ வாசம், பழ வாசம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கென்னவோ எல்லாம் பந்தா என்றுதான் தோன்றுகிறது. அரிசிச் சாராயம், அவ்வளவுதான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

17 அக்டோபர் 2024, இரவு

மறுக்கிறேன். ஏழு வருடமாக ஹிரோஷிமா பக்கம் சைஜோவில் இருக்கிறேன். வீட்டு மாடியில் நின்றால் செங்கல் புகைபோக்கிகள் தெரியும், எல்லாம் சாக்கே ஆலைகள். ஸ்டேஷனை ஒட்டி ஒரே தெருவில் ஏழு.

முதலில், அது சாராயம் இல்லை. சாராயம் என்றால் காய்ச்சி வடிப்பது. இங்கே அப்படி வடிப்பதற்கு ஷோச்சூ என்று வேறு பெயர். சாக்கே புளிக்கவைத்துப் பிழிவது. ஆல்கஹால் 15, 16 சதவீதம்தான் இருக்கும். ஒயினைவிடக் கொஞ்சம் கூட.

இரண்டாவது, உங்களுக்கு ஊற்றியது அநேகமாக மலிவுச் சரக்கு. குறையை மறைக்கத்தான் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பார்கள். நல்ல சாக்கேயை யாரும் சூடாக்க மாட்டார்கள். 60 சதவீதம் தீட்டிய அரிசியில் செய்த டாய்கின்ஜோ என்கிற உயர்வகையில் ஒரு பாட்டில் வாங்கி, ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் வைத்துக் குடித்துப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

18 அக்டோபர் 2024

நேற்று எழுதியதில் ஒரு பிழை. இங்கே பாட்டில் சீட்டில் போடுவது தீட்டிப் போன அளவை அல்ல, மீந்த அளவை. 60 என்றால் அரிசிமணியில் 60 பங்கு இருக்கிறது, 40 பங்கு தவிடாகப் போய்விட்டது. சாக்கேயின் வகைப் பெயர்களே இதை வைத்துத்தான். கின்ஜோ என்று பெயர் போட 60 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். டாய்கின்ஜோவுக்கு 50. கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்த ஹோன்ஜோசோவுக்கு 70. எதுவும் சேர்க்காத வெறும் ஜுன்மாய்க்கு முன்பு 70 என்ற வரம்பு இருந்தது, 2004 முதல் எடுத்துவிட்டார்கள். எண் குறையக் குறைய விலை ஏறும். யமகுச்சியில் ஓர் ஆலை 23 வரை தீட்டி விற்றுத்தான் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. டாசாய் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஏன் தீட்ட வேண்டும்? மணியின் வெளிப்பக்கம் கொழுப்பும் புரதமும், நடுவில் மாவு. கொழுப்பு வாசனையைக் கெடுக்கும். பாதியாகத் தீட்ட ஏறக்குறைய இரண்டு நாள் ஓட்ட வேண்டும், அவசரப்பட்டால் மணி நொறுங்கிவிடும். இதில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ஜப்பானில் இயந்திரத்தால் அரிசி தீட்டும் கருவியை 1896-இல் முதலில் செய்த சதாகே ரீச்சி சைஜோக்காரர்.

அந்தத் தவிடு வீணாவதில்லை. ஊறுகாய் போட, மாட்டுத்தீவனத்துக்கு, கடைசியில் வரும் வெள்ளைப் பொடி அரிசி பிஸ்கட்டுக்கு. சரிபாதியை மாட்டுக்குப் போட்டுவிட்டு மீதியைக் குடிக்கிறோமே என்று என் மாமியார் போனில் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

26 அக்டோபர் 2024

இந்த மாதம் இங்கே சாக்கே திருவிழா முடிந்தது. நாடு முழுக்க உள்ள ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான வகைகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். நுழைவுச் சீட்டு வாங்கினால் ஒரு குட்டிக் கிண்ணம் தருவார்கள், அதோடு சுற்ற வேண்டியதுதான். முதல் வருடம் நான் அறிவுக்கொழுந்தாக நோட்டுப் புத்தகம் எடுத்துப் போனேன். முதல் பக்கம் "முலாம்பழம், லேசான துவர்ப்பு". மூன்றாம் பக்கம் "நல்லா இருக்கு". ஐந்தாம் பக்கத்தில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

தண்ணீர் குடிக்காததுதான் காரணம். ஒரு கிண்ணம் சாக்கேக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். அதற்கு யவராகி-மிசு என்று பெயரே வைத்திருக்கிறார்கள், இதமாக்கும் தண்ணீர் என்று பொருள். ஒசாகாவில் உங்களுக்குத் தலை போனதற்கு அரிசியைக் குறை சொல்வதைவிட இதைக் கவனிக்கலாம்.

அங்கே மரப்பெட்டிக் கிண்ணத்திலும் ஊற்றுவார்கள். அந்தக் காலத்து அளவுப் பெட்டி, நம் ஊர் உழக்கு மாதிரி. அதன் பெயர் "மாசு". பெட்டிக்குள் கண்ணாடித் தம்ளர் வைத்து வழிய வழிய ஊற்றி, வழிந்தது மாசில் நிற்க, அதையும் குடிப்பது வழக்கம். மாசில்லாமல் குடி என்று என் மனைவி சொன்னது இரண்டு அர்த்தத்திலும் சரி. தேவதாரு வாசம் சாக்கேயின் வாசத்தை அடித்துவிடும். ருசி பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியோ பீங்கானோ போதும். ஆலைக்காரர்கள் வைத்திருப்பது வெள்ளைப் பீங்கான், அடியில் இரண்டு நீல வளையம். அழகுக்கு அல்ல. வெள்ளையில் நிறம் தெரியும், நீல வளையத்தின் விளிம்பில் கலங்கல் தெரியும்.

9 நவம்பர் 2024

"அரிசியில் செய்த பீர்தானே, எதற்கு இவ்வளவு பேச்சு" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பாதி சரி.

திராட்சையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, ஈஸ்ட் போட்டால் போதும். பீரில் பார்லியை முளைகட்டி, மாவை முதலில் சர்க்கரையாக்கி, அதை வடித்த பிறகு ஈஸ்ட் போடுவார்கள். சாக்கேயில் இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில். ஒரு பக்கம் கோஜி என்கிற பூஞ்சை அரிசி மாவைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும், மறுபக்கம் ஈஸ்ட் அதை அப்போதைக்கப்போது தின்றுகொண்டே இருக்கும். சர்க்கரை ஒருபோதும் திகட்டுமளவு சேராது, ஈஸ்ட் சோர்வதில்லை. அதனால்தான் வடிக்காமலேயே ஏறக்குறைய 20 சதவீதம் வரை போகிறது. அப்புறம் தண்ணீர் சேர்த்து 15, 16-க்கு இறக்குகிறார்கள். தண்ணீர் சேர்க்காமல் விற்பதற்கு கென்ஷு என்று பெயர், பாட்டிலில் 17, 18 என்றிருந்தால் கிண்ணத்தை மெதுவாகத் தூக்குங்கள்.

கோஜி அறைக்குள் ஒரு முறை விட்டார்கள். ஜனவரி மாதம், வெளியே பனி, உள்ளே சென்னை. ஆவியில் வெந்த அரிசியைப் பரப்பி, அதன்மேல் பூஞ்சை விதையைப் புகை மாதிரித் தூவுகிறார்கள். இரண்டு நாளில் மணிமேல் வெள்ளையாகப் பூத்துவிடும். வாயில் போட்டால் இனிப்பு, வேகவைத்த செஸ்நட் வாசம். அதைத் தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. நான்கு நாளில் மூன்று தவணை. இரண்டாம் நாள் எதுவும் சேர்க்க மாட்டார்கள், ஈஸ்ட் பெருகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஓய்வு நாளுக்குப் பெயர் ஒதோரி, அதாவது நடனம்.

10 நவம்பர் 2024

அந்த மூன்று தவணைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, நேற்று விட்டுவிட்டேன். ஈஸ்ட்டைப் பெரிய தொட்டியில் விடுமுன் சின்னத் தொட்டியில் வளர்த்தெடுக்கும் உறைமோர் மாதிரி ஒன்று. வேண்டாத கிருமி வராமலிருக்க அதில் புளிப்பு வேண்டும். 1910 வாக்கில் வந்த முறையில் லாக்டிக் அமிலத்தை நேரே ஊற்றிவிடுகிறார்கள், இரண்டு வாரத்தில் தயார். பழைய முறை கிமோட்டோ. காற்றிலும் ஆலையிலும் உள்ள கிருமியே வந்து புளிக்கவைக்கும் வரை காத்திருப்பது. ஒரு மாதம் ஆகும். முன்பெல்லாம் அரிசியையும் கோஜியையும் நடுநிசிக் குளிரில் கம்பால் இடித்து மசிப்பார்கள். அந்த இடி தேவையில்லை என்று 1909-இல் கண்டுபிடித்தார்கள், இடிக்காத அந்த முறைதான் யமஹாய்.

கிமோட்டோவில் முதலில் வந்து புளிப்பைத் தொடங்குவது லூக்கோனோஸ்டாக் என்ற கிருமி. நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதும் அதே குடும்பம். யமஹாய் முதல் மடக்கிலேயே எனக்கு ஏன் தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது என்று இது தெரிந்த பிறகுதான் புரிந்தது.

அப்படியானால் சங்கப் பாட்டில் வரும் தோப்பியும் இதுவும் ஒன்றா என்று யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். நெல்லில் செய்தது என்பதைத் தாண்டி உறவு எதுவும் இல்லை.

6 டிசம்பர் 2024

கோஜி கொண்டு சாக்கே செய்யும் கைத்திறனை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆலைத்தெருவில் ஒரே சிரிப்பு. நான் வழக்கமாக வாங்கும் கடையம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். "விலை ஏறாமல் இருந்தால் சரி" என்றார்.

21 டிசம்பர் 2024

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது. நல்ல சாக்கேயை யாரும் சூடாக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். நேற்று ராத்திரி பூஜ்யம் டிகிரி. வழக்கம்போல ஒரு டாய்கின்ஜோ எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். கடையம்மா பாட்டிலைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். சிவந்திருந்தது. பாட்டிலைத் திரும்பப் போய் வைத்துவிட்டு யமஹாய் ஜுன்மாய் ஒன்றைக் கொண்டுவந்தார். விலை பாதி. "நாற்பத்தைந்து டிகிரி. ஐம்பது போனாலும் பரவாயில்லை" என்றார். இதையா சூடாக்கச் சொல்கிறீர்கள் என்றேன். "இதைச் சில்லென்று குடித்தால்தான் பாவம்."

வீட்டில் முதலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கட்டை மாதிரி இருந்தது. ஊறவைத்த அரிசித் தண்ணீர், கொஞ்சம் கசப்பு. அப்புறம் 45-க்கு ஏற்றினேன். அதே திரவம் என்று நம்ப முடியவில்லை. புளிப்பு அகலமாகி, கசப்பு உள்ளே போய், சோற்றின் இனிப்பு மேலே வந்தது. கூடவே மனைவி வறுத்த நெத்திலிக் கருவாடு. ஒரு கோ, அதாவது 180 மில்லி, எப்படிக் காலியானது என்று தெரியவில்லை.

ஆக, ஒசாகாவில் உங்களுக்கு நடந்தது சூட்டின் குற்றமில்லை. அளவு தெரியாத சூட்டின் குற்றம். அப்படி ஆவி பறந்து தொண்டை எரிந்தது என்றால் அளவு தாண்டியிருக்கும். அதில் சாராய நெடி மட்டும்தான் மூக்குக்கு வரும்.

22 டிசம்பர் 2024

எப்படிச் சூடாக்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். டொக்குரி என்கிற குறுங்கழுத்துக் குப்பியில் கழுத்துக்குக் கீழ் வரை ஊற்றுங்கள். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு, குப்பியை அதில் இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம். தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் குப்பியின் அடியைத் தொடுங்கள். சுள்ளென்று இருந்தால் சரியான பதம். மைக்ரோவேவ் அவசரத்துக்கு உதவும், ஆனால் கழுத்து கொதிக்கும், அடி குளிரும்.

இவர்கள் ஒவ்வொரு ஐந்து டிகிரிக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 30 வெயில் சூடு. 35 உடம்புச் சூடு. 40 நுருகான், 45 ஜோகான், 50 ஆட்சுகான், 55 தோபிகிரிகான். குளிர்ந்த பக்கத்தில் 15 இளங்குளிர், 10 பூக்குளிர், 5 பனிக்குளிர்.

இன்னொரு திருத்தமும் இங்கேயே. டாய்கின்ஜோவை 5 டிகிரியில் குடிக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் குளிரில் வாசம் வாயைத் திறக்காது. கொடுத்த காசே வாசத்துக்குத்தான். எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுக் குடியுங்கள்.

11 ஜனவரி 2025

கூரையைத் துடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

புத்தாண்டுக்கு நிகோரி வாங்கினேன். நிகோரி என்றால் கண் பெரிய துணியில் மட்டும் வடித்து வண்டலோடு விடுவது, பார்க்க நீராகாரம் மாதிரி வெள்ளையாக இருக்கும். அதிலும் சூடு காட்டாத உயிர் வகை. பாட்டிலுக்குள் ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கும், காற்று சேர்ந்துகொண்டே இருக்கும். மூடியில் "மெதுவாகத் திற" என்று சிவப்பில் எழுதியிருந்தது. வண்டல் அடியில் தங்கியிருந்ததால் நன்றாகக் குலுக்கிவிட்டுத் திறந்தேன். பாதி கூரைக்கு, கால்வாசி என் சட்டைக்கு.

முறை இதுதான்: குலுக்காதே. மூடியைக் கொஞ்சம் திற, நுரை மேலே வரும்போது மூடு, திரும்பத் திற. பத்து பதினைந்து தடவை. அந்த நுரையே வண்டலைக் கலக்கிவிடும். மீந்த கால் பாட்டில் பிரமாதமாக இருந்தது என்பதுதான் கூடுதல் வயிற்றெரிச்சல்.

15 பிப்ரவரி 2025

நீகாதா போயிருந்தேன். எச்சிகோ-யுசாவா ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு கூடம், சுவர் முழுக்கக் குழாய் வைத்த இயந்திரங்கள், அந்த மாகாணத்து ஆலைகள் எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொன்று. நான் போனபோது 500 யென்னுக்கு ஐந்து டோக்கன், ஐந்து கிண்ணம். தொட்டுக்கொள்ள விதவிதமான உப்பு. உப்பை நாக்கில் வைத்துக் குடிப்பதை யாரும் குடிகாரத்தனமாகப் பார்ப்பதில்லை. நம் ஊர் ஊறுகாய் நக்கிகளுக்கு இது சொர்க்கம்.

நீகாதா என்றாலே தன்ரேய் கராகுச்சி. மெலிந்த, இனிப்பில்லாத பாணி. ஆளுயரப் பனி உருகிய மென்னீர், கோஹ்யாகுமான்கோகு என்ற அரிசி. இந்த "கராகுச்சி" என்ற சொல்தான் என்னை இரண்டு வருடம் ஏமாற்றியது. சீட்டில் நிஹோன்ஷுதோ என்று ஓர் எண் போடுவார்கள். கூட்டல் என்றால் இனிப்பு குறைவு, கழித்தல் என்றால் இனிப்பு. நானும் +8, +10 என்று தேடித் தேடி வாங்கினேன். அது வெறும் அடர்த்திக் கணக்கு. சர்க்கரை கூடினால் கனம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். புளிப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. புளிப்பு தூக்கலாக இருந்தால் -2 கூட வாயில் இனிக்காது. புளிப்பு இல்லாவிட்டால் +3 இனிக்கும். யுசாவாவில் -3 போட்ட ஒன்றைத்தான் ஐந்தில் மிகக் "கராகுச்சி" என்று நான் குறித்துவைத்தேன், பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

16 பிப்ரவரி 2025

ஆம், கராகுச்சி என்றால் நேர்ப்பொருள் கார வாய். கராய் என்றால் காரம். ஆம், எனக்கும் காதில் விழுந்தது. சுசுமு ஓனோ என்ற அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு என்று எழுதியதும் தெரியும், மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை என்பதும் தெரியும். அந்தச் சண்டைக்கு வேறு இடம் பாருங்கள். என் சொந்த மொழியாராய்ச்சி இவ்வளவுதான்: வந்த புதிதில் ஹோட்டலில் "சாக்கே" என்று கேட்டேன், சுட்ட சால்மன் மீன் வந்தது. மீனுக்கும் அதே பெயர், இழுப்பு மட்டும் வேறு. குடிப்பதற்கு நிஹோன்ஷு என்று கேளுங்கள். சாக்கே என்றால் மது எதுவானாலும் ஆகும்.

1 மார்ச் 2025

தண்ணீர் பற்றி எழுதாமல் விட்டது தப்பு. கோபேயை ஒட்டிய நதா பக்கத்து மியாமிசு கடினநீர். அதில் ஈஸ்ட் துள்ளும், சாக்கே முறுக்காக வரும். கியோட்டோ ஃபுஷிமியில் மென்னீர், சாக்கே மெத்தென்று வரும். நதாவுடையது ஆண், ஃபுஷிமியுடையது பெண் என்று பழமொழியே உண்டு. என் மனைவி இதைக் கேட்டு "முறுக்கிக்கொள்வது ஆண் என்பது மட்டும் உண்மை" என்றாள்.

எங்கள் பக்கத்து அகிட்சு கடற்கரையில் தண்ணீர் ரொம்பவே மென்மை. ஈஸ்ட் பாதியில் சோர்ந்து தொட்டியே கெட்டுப்போகுமாம். மியூரா சென்சபுரோ என்ற ஆலைக்காரர் வருடக்கணக்கில் நஷ்டப்பட்டு, கோஜியை உள்வரை ஊன்றவிட்டுக் குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1898-இல் அதைப் புத்தகமாகவே போட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். 1907-இல் முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமா ஆலைகள் வாரிக்கொண்டு வந்தன. இன்றைய கின்ஜோவின் வேர் அந்தக் குளிர்ப் புளிப்பில்தான் இருக்கிறது. தொழில் ரகசியத்தை எழுதிக் கொடுக்கிற ஆளை நான் என் ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை.

இரும்பு மட்டும் தண்ணீரில் ஆகவே ஆகாது. துளி இருந்தாலும் சாக்கே செம்மண் நிறம் காட்டும்.

5 ஏப்ரல் 2025

கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தோம். நான், மனைவி, கூட வேலை பார்க்கும் அகிதாக்காரர். நான்கு சரக்கு: காகிதப் பெட்டியில் வரும் சாதா, ஹோன்ஜோசோ, அந்த யமஹாய் ஜுன்மாய், 40 வரை தீட்டிய டாய்கின்ஜோ. மூன்று சுற்று: 10 டிகிரி, அறைச் சூடு, 45.

குளிரில் மூவருக்கும் டாய்கின்ஜோதான். ஆப்பிள் வாசம் அப்படியே மூக்கில் மோதியது. அறைச் சூட்டில் யமஹாய் முன்னே வந்துவிட்டது. 45-இல் டாய்கின்ஜோ கடைசி. வாசம் முதல் மூச்சிலேயே பறந்துபோய், மீதி வெறும் காரம். முதலில் வந்தது யமஹாய் இல்லை, ஹோன்ஜோசோ. கடையம்மாவிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

ஹோன்ஜோசோவில் பிழிவதற்கு முன் கொஞ்சம் ஆல்கஹால் சேர்ப்பார்கள். அதைக் கலப்படம் என்று இங்கேயே ஒருவர் திட்டியிருந்தார், நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் ஆல்கஹால், சர்க்கரை, அமிலம் எல்லாம் சேர்த்து ஒன்றை மூன்றாக்கி விற்ற காலம் இருந்தது, கெட்ட பெயர் அதனால்தான். ஹோன்ஜோசோவுக்கு வரம்பு உண்டு, தீட்டிய அரிசி எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். பிழியாமல் சக்கையோடு போகவிருந்த வாசம் ஆல்கஹாலில் கரைந்து சாக்கேயோடு வந்துவிடும், வாயில் கனமும் குறையும். 1911 முதல் நடக்கும் தேசியப் புதுச்சாக்கே போட்டிக்கு அனுப்பும் உயர்ந்த டாய்கின்ஜோக்களிலேயே பல இப்படிச் சேர்த்தவைதான்.

ஒரு விஷயத்தை மறைக்கப் பார்த்தேன், அகிதாக்காரர் மறைக்கவிடமாட்டார் என்று தெரிகிறது. அறைச் சூட்டுச் சுற்றில் "இதில் ஓர் அடக்கம் இருக்கிறது, பண்பட்ட கை" என்று நான் ஒரு கிண்ணத்தைப் புகழ்ந்தேன். காகிதப் பெட்டி.

19 ஜூலை 2025

வெயில். மூன்று மாதமாக எழுதவில்லை. இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, பிப்ரவரியில் வாங்கிய நாமா பாட்டில் ஒன்றை ஃபிரிட்ஜில் இடமில்லாமல் அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். நாமா என்றால் சூடு காட்டாதது. மற்றதெல்லாம் 65 டிகிரி வாக்கில் சூடு காட்டி அடைப்பார்கள். பாஸ்டர் இதைக் கண்டுபிடிப்பதற்கு ஏறக்குறைய 300 வருடம் முன்பே இவர்களுக்குத் தெரிந்த வித்தை. அதைச் செய்யாததால் என் பாட்டிலுக்குள் கோஜியின் நொதிகள் வேலையைத் தொடர்ந்திருக்கின்றன. திறந்தால் அழுகலும் இல்லை, புளிப்பும் இல்லை, ஒரு மாதிரி நனைந்த மிருக நெடி. கொட்டினேன். நாமா வாங்கினால் அன்றே ஃபிரிட்ஜ், சீக்கிரம் காலி. சூடு காட்டியதையும் வெயிலில் வைக்காதீர்கள், சில மணி நேரத்திலேயே நெடி வந்துவிடும்.

இரண்டு, கிஜோஷு. தொட்டியில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதில் சாக்கேயையே ஊற்றிச் செய்வது. 1973-இல் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த யோசனை, அடுத்த வருடம் முதலில் செய்து பார்த்தது பக்கத்து ஊர் குரேயில் உள்ள எனோகி ஆலை. எட்டு வருடம் ஊறியது ஒன்று கிடைத்தது. நிறம் பனைவெல்லப் பாகு, வாசம் உலர்திராட்சை. வெனிலா ஐஸ்கிரீமில் இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிடுங்கள். குலாப் ஜாமூனோடு முயன்றேன். வேண்டாம், இரண்டு சக்களத்திகள்.

சாம்பாரோடும் வேண்டாம். புளி எல்லாவற்றையும் அடித்துவிடுகிறது. தயிர்சாதமும் கிமோட்டோவும் பொருந்தும். இதை ஜப்பானியர் யாரிடமும் நான் சொல்லவில்லை.

20 செப்டம்பர் 2025

ஹியாஓரோஷி வந்துவிட்டது. குளிர்காலத்தில் பிழிந்து, வசந்தத்தில் ஒரு தடவை மட்டும் சூடு காட்டி, கோடை முழுக்கத் தொட்டியில் உறங்கவிட்டு, இலையுதிர் காலத்தில் இரண்டாம் சூடு இல்லாமல் அடைப்பது. ஜனவரியில் முள்ளாகக் குத்திய அதே சரக்கு இப்போது முனை மழுங்கி உருண்டிருக்கிறது. நுருகான், கூடக் கத்திரிக்காய் சுட்டது. மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை, கிண்ணம் ஆறிவிடும்.

4 அக்டோபர் 2025

இழையைத் தொடங்கியவர் ஜனவரியில் ஹிரோஷிமா வருகிறாராம், எங்கே எதைக் குடிப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார். அரிசிச் சாராயத்துக்கு இவ்வளவு ஆசையா என்று கேட்க மாட்டேன்.

ஹிரோஷிமா ஸ்டேஷனிலிருந்து சான்யோ லைனில் முக்கால் மணி நேரத்துக்குள் சைஜோ. காரில் வராதீர்கள். குடித்து ஓட்டுபவரை மட்டுமல்ல, தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து வருபவரையும் பிடிப்பார்கள். இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் ஆலைத்தெரு. வாசலில் தொங்கும் தேவதாரு இலைப் பந்து பச்சையாக இருந்தால் புதுச் சரக்கு பிழிந்துவிட்டார்கள் என்று அர்த்தம், நாளாக ஆகப் பழுப்பாகும். தெருவோரம் ஆலைகளின் கிணற்று நீரை எவரும் பிடித்துக் குடிக்கலாம். சாக்கேக்கு முன் அதைக் குடியுங்கள்.

ஜனவரி என்றால் தொட்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அன்று காலை ஹோட்டலில் நாத்தோ என்கிற புளித்த சோயா வைத்தால் தொடாதீர்கள். அந்தச் சோயாக் கிருமி கோஜி அறைக்குள் புகுந்தால் அவ்வளவுதான், ஆலை ஆட்கள் சீசன் முழுக்க அதைச் சாப்பிடுவதே இல்லை. சென்ட்டும் அடிக்க வேண்டாம், உங்கள் மூக்கே உங்களுக்குப் பயன்படாது.

ஒபாமாவுக்கு 2014-இல் தோக்கியோ சுஷிக் கடையில் கொடுத்த பொன்னிதழ் மிதக்கும் பாட்டிலை கமோட்சுரு ஆலையில் எல்லாரும் கேட்பார்கள். கேளுங்கள், படம் எடுங்கள். தங்கத்துக்கு ருசி கிடையாது. கமோஇசுமி ஆலையில் மஞ்சள் நிறத்தில் ஜுன்மாய் வைத்திருப்பார்கள், கரியால் வடிகட்டாததால் வரும் நிறம், கெட்டதில்லை. அதைச் சூடாகக் கேளுங்கள். மதியம் பிஷுநாபே கிடைத்தால் சாப்பிடுங்கள். இறைச்சியும் காய்கறியும் சாக்கேயில் வெந்தது, உப்பு, மிளகு, அவ்வளவுதான். ஆலை வேலைக்காரர்களின் சாப்பாடு.

மாலை வீட்டுக்கு வாருங்கள். தெர்மாமீட்டர் இருக்கிறது, காகிதப் பெட்டியும் இருக்கிறது. எது எதில் ஊற்றினேன் என்று சொல்ல மாட்டேன். கனத்த சட்டை எடுத்து வாருங்கள், இங்கே ஹிரோஷிமாவைவிடக் குளிர் கூட.